கவலைக்குக் கால் மணி

என் தூங்குமூஞ்சி மாமாவுக்கு,

நான் சுகம். ஊரில் மகள் இதை உங்கள் படத்தின் முன் படித்துக்காட்டுவாள்.

நீங்கள் கண்ணை மூடிய நாள்முதல் நான் கண்ணை மூடவில்லை. போன வாரம், இங்கே நான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும்போது நின்றபடியே அசந்து, ஒரு விரிப்பைத் தீய்த்துவிட்டேன். "இன்னொண்ணு தீஞ்சா ஊருக்குப் போகவேண்டியதுதான்" என்றார் சூப்பர்வைசர். கூட வேலை செய்பவள் என் போனில், தூக்கத்துக்கு வைத்தியம் சொல்லும் சாட்பாட்டைப் போட்டுக் கொடுத்தாள். கவலையைப் படுக்கைக்குக் கொண்டுபோகக் கூடாதாம். சாயங்காலமே நாற்காலியில் உட்கார்ந்து கால் மணி நேரம் எழுதித் தீர்க்க வேண்டுமாம். மணி ஆறானால் கூட வேலை செய்பவள், "அக்கா, கவலைப்பட நேரமாச்சு, கிளம்பு" என்று விரட்டுகிறாள். எழுத உட்கார்ந்தால் நீங்கள்தான் வருகிறீர்கள். நேற்று ஐந்து மணி நேரம் தூங்கினேன். கனவில் வந்தால் குறட்டை மட்டும் விடாதீர்கள்.

கால் மணி முடிந்தது. தட்டி எழுப்ப நான் இல்லாமல், அங்கே எத்தனை மணி வரை தூங்குகிறீர்கள், மாமா?