பட்டியல் தயாரில்லை

ஜூன் 9, திங்கள். மார்த்தாண்டம்.

காலையிலிருந்து சாரல். நாகர்கோவிலில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாயிற்று. அதற்குத்தான் லீவில் வந்தேன். சொட்டு மருந்து தினம் நான்கு தடவை. கறுப்புக் கண்ணாடி வேண்டாமாம். "ஆரு பாக்கப் போறா மக்கா."

மதியம் தலைமையகத்திலிருந்து மெயில். கடன் கொடுக்கும் நிதியத்தின் பிரதிநிதியாக நான் இருக்கும் நாட்டில், வெள்ளிக்கிழமை டீசல் மானியத்தை நிறுத்துகிறார்கள்; விலை ஏறும். அதற்குமுன் உதவித்தொகை பெறப்போகும் ஏழைகளின் பட்டியல் தயாராக வேண்டும். நாங்களே போட்ட நிபந்தனை. தயாரா, இல்லையா? நாளை மாலைக்குள் நான் எழுத வேண்டும். 'தயார்' என்றால்தான் கடனின் அடுத்த தவணை போகும்.

லீவு என்பதெல்லாம் பேச்சுக்கு.

ஜூன் 10, செவ்வாய்

மழை விட்டது. கரண்ட் இரண்டு முறை போய் வந்தது.

அந்தப் பட்டியலைப் போன மாதம் ஒரு மாவட்ட அலுவலகத்தில் நானே பார்த்தேன். செத்தவர்களின் பெயர்கள் இருந்தன. சந்தையில் சுமை தூக்கும் பெண்களில் ஒருத்திகூட இல்லை.

பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்தார். அவர் மகள் ஷைனி அதே நாட்டில்தான் நர்ஸ். அரசு ஆஸ்பத்திரி, டயாலிசிஸ் வார்டு.

"ஜெஸி, ஒனக்க ஆபீஸ் பைசா குடுத்தாத்தான் அங்க மருந்து வருமாம். ஷைனி சொல்லுகா. உள்ளதா?"

"உள்ளதுதான் அக்கா."

"பின்ன குடுத்துர வேண்டியதுதானே."

கிழங்கை வாங்கி உள்ளே வைத்தேன்.

நான்கு மணிக்கு மேலதிகாரி போனில். பாதி தயார் என்று எழுத முடியாதா என்றார். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்றேன்.

'தயாரில்லை' என்றே அனுப்பினேன். டீசல் விலையேற்றத்தை ஒரு மாதம் தள்ளலாம், மருந்துக்கு மட்டும் பணத்தை விடலாம் என்றும் சேர்த்தேன். அப்பாவின் ஆறு மணிச் சொட்டு மருந்தை மறந்தேபோனேன்.

ஜூன் 11, புதன்

வெயில். துணி காயப் போட்டது.

பதில் வந்துவிட்டது. விலையேற்றம் ஒரு மாதம் தள்ளி. தவணையும் ஒரு மாதம் தள்ளி. மருந்துக்குத் தனியாக விட விதியில் இடமில்லை.

பதினோரு மணிக்கு ஷைனி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, வாரத்துக்கு ரெண்டு தடவ டயாலிசிஸ் செய்யுகது இனி ஒண்ணுதான். நிறுத்துனது நீங்களாக்கும்னு இஞ்ச பேச்சு."

"நான்தான் ஷைனி."

பட்டியலைப் பற்றிச் சொன்னேன். பஸ் கட்டணம் ஏறினால் ஆஸ்பத்திரிக்கே வர முடியாமல் போகிறவர்களைப் பற்றியும். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"செரி. அத எனக்கிட்ட சொல்லாண்டாம். வார்டுல வந்து நின்னு சொல்லுங்க. நான் சொன்னா அடிக்க வாறாவ."

வருகிறேன் என்றேன்.

அப்பாவைத் தங்கை பார்த்துக்கொள்வாள். டிக்கெட்டை மாற்றியாயிற்று. நாளை மாலை, திருவனந்தபுரத்திலிருந்து விமானம். வார்டில் முதல் வாக்கியமாக எதைச் சொல்வது என்று இரண்டு மணி நேரமாக எழுதி எழுதி அடிக்கிறேன்.