கள்ளுக்கடைக்கு எதிரே காந்தி

ஜூலை 12, 1931

நான் கிராணியாகக் கணக்கெழுதும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கு இன்று காந்தி வந்து சேர்ந்தார். சிமெண்டில். கட்டியவன் சிகாமட் டவுன் மூர்த்தி. இதுவரை முனியாண்டி சிலைகள் மட்டுமே செய்தவன், பழக்கம் விடவில்லை. பயில்வான் மார்பு, பிதுங்கும் கண், அதன்மேல் கம்பியில் வளைத்த மூக்குக்கண்ணாடி.

"ஒல்லியாத்தான் ஆரம்பிச்சேன் கிராணி ஐயா. கை கேக்கல" என்றான்.

கள்ளுக்கடைக்கு நேர் எதிரே இடம் பிடித்தவள் பேச்சியம்மாள், பால்வெட்டுக்காரி. "இவரு மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடிக்கட்டும், பாப்போம்" என்றாள். பொதுவாகச் சொல்லவில்லை. தன் புருஷன் அய்யாவுவைச் சொன்னாள்.

ஜூலை 26

அய்யாவு இன்னும் குடிக்கவில்லை. சிலையைக் கடக்கும்போது தலைத்துண்டைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொள்கிறான். பேச்சியம்மாள் முகத்தில் புதுக் காயம் இல்லை. நான் அதைக் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

ஆகஸ்ட் 19

கள்ளு விற்பனை விழுந்துவிட்டதாம். கடை தோட்டத்துடையது, ஆகவே துரை மோட்டார் சைக்கிளை நிறுத்திச் சிலையைப் பார்த்தார். பரீட்சை எழுதித் தமிழ் கற்றவர். கட்டளைகள் மட்டும் தேறியிருக்கின்றன.

"இது யாரு? சொல்லு."

அரசியல் என்று தெரிந்தால் சிலை உடையும்; வைத்தவர்களுக்கு ஊருக்கே திருப்பியனுப்பும் நாகப்பட்டினம் கப்பல். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து கப்பலேற்ற அவருக்குக் காரணம்கூட வேண்டியதில்லை. பேச்சியம்மாள் என் பின்னால் மூச்சுவிடாமல் நின்றாள்.

"முனியாண்டி, துரை" என்றேன்.

"சாமி கண்ணாடி போடுமா?"

"வயசான சாமி, துரை."

எங்கிருந்து வந்தது இந்த வாய் எனக்கு?

அவர் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நான் வரும். சாமிக்குக் கள்ளு வை. சேவல் வெட்டு. இல்ல, உடை."

பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறவர். முனியாண்டி என்ன சாப்பிடும் என்று தெரியாமலா இருக்கும்.

ஆகஸ்ட் 20

மூர்த்தி கரியால் மீசை வரைந்தான். "அலமாக்! இப்பத்தான் ஐயா, சரியா இருக்கு" என்று பூரித்துப் போனான்.

முனி பூசை தெரிந்த ஆள் தோட்டத்தில் ஒருவன்தான். அய்யாவு. படைத்த கள்ளைப் பூசாரி குடித்தாக வேண்டும் என்பது இங்கே முறை.

"வேற ஆளே கிடையாதா ஐயா?" என்றாள் பேச்சியம்மாள்.

"வருஷா வருஷம் அவன்தான் பூசாரின்னு துரைக்குத் தெரியும்மா."

"தேங்காத் தண்ணிய ஊத்தி வச்சிட்டா?"

கள்ளைத் துரையே கடையிலிருந்து அனுப்புகிறார். இலவசமாக.

"அப்ப சிலைய உடைச்சிருங்க. எனக்கு என் புருசன் குடிக்காம இருந்தாப் போதும்."

இப்போது உடைத்தால் பொய் வெளிப்படும், எல்லோருக்கும் கப்பல் என்றேன். எல்லோரிலும் நான் உண்டு. அதைத் தனியாகச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21

சேவல் வெட்டியாயிற்று. ரத்தம் அகிம்சையின் பாதத்தில். சுருட்டை வைக்க உதட்டில் இடமில்லை. கண்ணாடிக் கம்பியில் செருகினார்கள்.

அய்யாவு கள்ளைப் படைத்துவிட்டு அசையாமல் நின்றான்.

"குடி" என்றார் துரை.

அவன் பேச்சியம்மாளைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

குடித்தான். இரண்டாவது குவளைக்கு யாரும் சொல்லவில்லை.

"நல்ல சாமி" என்று சொல்லிவிட்டுத் துரை வண்டியை உதைத்தார்.

ஆகஸ்ட் 24

பேச்சியம்மாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வரவில்லை. கண் வீங்கியிருக்கிறதாம். அய்யாவு சிலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து குடிக்கிறான். கேட்டால், "பிரசாதம், கிராணி ஐயா."

ஆகஸ்ட் 29

சிலைக்குத் தலை இல்லை. காலடியில் கோடாலி கிடந்தது.

விடிந்ததும் பேச்சியம்மாளே ஆபீசுக்கு வந்தாள். "நான்தான் வச்சேன், நான்தான் எடுத்தேன். துரைகிட்ட சொல்லுங்க, கப்பல்ல ஏத்தட்டும். தனியா ஏத்துனா ரொம்ப நல்லது."

துரையிடம் மரக்கிளை விழுந்தது என்றேன். பொய் இப்போது சிரமமில்லாமல் வருகிறது. அவர் முகம் இன்னும் வெளுத்தது. சாமி கோபத்தில் கூலிகள் வேலையை விட்டுவிடுவார்களோ என்று பயம். "கட்டு! சீக்கிரம் கட்டு!"

செப்டம்பர் 9

பேச்சியம்மாள் கப்பலில் ஊருக்குப் போகத் தானே பெயர் கொடுத்துவிட்டாள். சிகாமட் ஸ்டேஷனுக்குக் கூடவே போனேன். முந்தானையில் ஏதோ முடிந்திருந்தாள். அந்தக் கண்ணாடிக் கம்பி.

"ஊர்ல எவளாச்சும் காந்தியப் பாத்தியாடின்னு கேட்டா, காட்டணுமில்ல."

ஒரு மன்னிப்பு தயாரித்து வைத்திருந்தேன். நல்ல தமிழில். ரயில் புறப்படும்வரை வெயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 13

புதுத் தலை வைத்தாயிற்று. சிமெண்ட் தோட்டச் செலவு. கண்ணாடி கிடையாது. மீசையைச் சிமெண்டிலேயே இழைத்துவிட்டான் மூர்த்தி. இந்த முறை அவன் கை தடுமாறவில்லை.

அய்யாவு பூசை செய்தான். துரை தேங்காய் உடைத்தார். கள்ளுக்கடையில் பழைய கூட்டம்.

எல்லோரும் கும்பிட்டார்கள். துரை திரும்பி என்னைப் பார்த்தார். நானும் கும்பிட்டேன்.