இலக்கியாவின் நீலப் பை

ஜூன் 14

இன்றும் தலையாட்டிவிட்டேன். சோதனை வைக்கும்போது எதிரில் இருப்பவர் சரியான விடை சொன்னால் என் தலை தானாக ஆடுகிறது. எங்கள் ஆசிரியை சண்முகப்பிரியா மேடம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார்.

"இனியன், உங்க முகத்தப் பாத்தே விடை கண்டுபிடிச்சிடலாம் போலிருக்கு. டெஸ்ட் வைக்கிறவருக்கு முகமே இருக்கக் கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். மருத்துவ உளவியல் படிக்கச் சேலம் வந்து முதலில் கற்க வேண்டியது இது: முகத்தைக் கழற்றி வைப்பது.

ஜூன் 16

ஞாயிறு. ஊர். பயிற்சிக்கு ஆள் வேண்டும். சொந்தக்காரர்களை வைத்துப் பழகக் கூடாது என்பது விதி. நாமக்கல் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு மணி நேரம் என் எதிரில் உட்கார வேறு யார் இருக்கிறார்கள்? அம்மாதான்.

நினைவுச் சோதனை. ஒரு சிறு கதையைப் படித்துக் காட்டுவேன். கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அரை மணி கழித்து இன்னொரு முறை.

கதை இது: கெங்கவல்லி இலக்கியா, மழை நாளில் ஓமலூர் பஸ் ஏறுகிறாள். மடியில் நீலப் பை. பாலத்தருகே பஸ் நிற்கிறது. இறங்கி மறுபடி ஏறும்போது பையைக் காணோம். கண்டக்டர் விசில் ஊதுகிறார். அவ்வளவுதான். முடிவு கிடையாது.

அம்மா பாதி சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "செரியா, சாமி?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"ஏங்கண்ணு இப்படி உக்காந்திருக்கறே? உங்கப்பனோட ரிப்போர்ட்டக் கையில வெச்சுக்கிட்டு அந்த டாக்டரு உக்காந்திருந்தாரே, அவராட்டவே இருக்கறே."

என் முதல் வெற்றி.

ஜூலை 7

அதே கதை. சோதனையில் இரண்டாவது கதை ஒன்றும் உண்டு; அதையும் பழகியாயிற்று. அம்மா ஒரு சொல் விடவில்லை.

"பண்ணையில முட்ட பொறுக்கறப்பெல்லாம் இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கறேன். நாந் தப்பாச் சொன்னா உனக்கு மார்க்கு கொறஞ்சு போயிருமல்ல?"

மார்க் எனக்கு அப்படி வராது என்றேன். நம்பவில்லை.

ஆகஸ்ட் 22

தலை ஆடுவது நின்றுவிட்டது. மேடம் "குட்" என்றார்.

செப்டம்பர் 15

அம்மா வைத்த ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரை. இருவரும் சிரித்தோம்.

அக்டோபர் 3

சென்னியக்கா போன் செய்தாள். பக்கத்து வீடு. அம்மாவோடு அதே கோழிப்பண்ணையில் வேலை.

"உங்கம்மா ஒடஞ்ச முட்டையெல்லாம் நல்ல முட்டையோட அடுக்கி வெச்சுப்போட்டுது கண்ணு. கேட்டா முழிக்குது. நேத்து ஊட்டுக்கு வர வழி தெரியாம வாய்க்கா மேட்டுல நின்னுக்கிட்டிருந்துச்சு. நாந்தான் கூட்டியாந்தேன். நீ ஊரான் மண்டைக்குத்தான் படிக்கிறியா? உன்ற அம்மாள என்னன்னு பாக்க மாட்டியா?"

ஜூன் மாதமே பாதிதான் சொன்னாள். பாதிதான். நான் கவனித்தேனா? என் முகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 9

அம்மாவை மருத்துவரிடம் காட்டினேன். அவர் எங்கள் துறைக்கே சோதனைக்கு அனுப்பினார். மேடமே வைத்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

மேடம் கதையைத் தொடங்கியதும் அம்மாவின் முகம் தெளிந்தது. தெரிந்தவரைப் பஸ்ஸில் பார்த்ததுபோல. மழை, ஓமலூர், நீலப் பை, பாலம், விசில். அரை மணி கழித்தும் அப்படியே. கட்டைகளை அடுக்குவது, எண்களைத் தலைகீழாகச் சொல்வது — நான் பழக்கிவிடாதது எதுவுமே இல்லை.

வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

"அல்லாத்தையும் சொல்லிப்போட்டேன், சாமி. பாஸாயிருவியல்ல?"

அம்மாவை வைத்துப் பழகியதை மேடத்திடம் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். பேனாவை மூடினார்.

"எத்தன தடவ பழகினீங்க?"

"ஊருக்குப் போறப்பெல்லாம், மேடம்."

"இந்த ஸ்கோர்படி உங்கம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல. இத வெச்சு நான் எதுவும் எழுத முடியாது. இத விட்டா கையில வேற டெஸ்ட் எதுவும் இல்ல."

ஸ்கேனும் வயதுக்கேற்ற மாதிரிதான் இருக்கிறதாம். ஆறு மாதம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மேடத்தின் முகத்தில் எதுவும் இல்லை. எவ்வளவு நன்றாகக் கற்றிருக்கிறார்.

அக்டோபர் 10

அவளை அளக்க ஒரு கருவி இருந்தது. அதை நான் அவளுக்கு மனப்பாடம் செய்துவைத்தேன்.

டிசம்பர் 20

செய்முறைத் தேர்வில் தேர்ச்சி. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நான் சோதனை வைத்த விதத்தைத் தனியாகப் பாராட்டினார். அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"எதுல பாஸு?" என்றாள்.

பண்ணைக்கு இனி வர வேண்டாம் என்றுவிட்டார்களாம். அதைச் சொன்னது சென்னியக்கா.

ஜனவரி 27

வழக்கம்போல் இன்றும் சோதனை வைத்தேன். மூன்று பேர். யாரும் என் முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ளவில்லை. நான் அழுதால்கூடத் தெரியாது போலிருக்கிறது. அழுகிறேனா?

ஏப்ரல் 11

மேடம் புதிதாகத் தருவித்த சோதனை. நான் பார்த்திராத கதை. அம்மாவால் எதையும் திருப்பிச் சொல்ல முடியவில்லை. ஒரு சொல்கூட. கண்ணாடிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் நான் தெரியமாட்டேன்; அவள் முகம்தான் அதில் தெரியும்.

நோய்க்கு இப்போது பெயர் இருக்கிறது. மாத்திரை இருக்கிறது. "இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா..." என்றார் மருத்துவர். என்னால் முடியும், அந்த வாக்கியத்தை முடிக்க.

ஜூன் 15

மழை. அம்மா காலையிலிருந்து வாசற்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வாரமாக என்னிடம் நீங்க, வாங்க என்றுதான் பேசுகிறாள். வெளியாளிடம் பேசும் மரியாதை.

"ஏனுங்க, அந்தப் புள்ள இலக்கியா மழையில நிக்குதுங்களே. பை கெடச்சுதுங்களா?"

கதையில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது. கேட்டால் விடை சொல்லக் கூடாது. முகம் —

"கெடச்சிருச்சுங்கம்மா."

"ஊடு போய்ச் சேந்துட்டாளுங்களா?"

"சேந்துட்டாளுங்கம்மா."

நம்பலாமா என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையாட்டினேன். அவளும் ஆட்டினாள்.