மேப்பிள் நிழலுக்குச் சின்ன இலை

ஸீலண்ட், மிச்சிகன்
மே மாதக் கடைசி ஞாயிறு

அன்பு மகள் மார்சியாவுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். இடுப்பும் நலம். கைத்தடி இப்போது பட்டாணிக் கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே புகுந்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய வீட்டுத் தரகர் வந்தார். நல்ல பிள்ளைதான், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். வாசல் மேப்பிள் மரத்தடியில் புல் செத்து மண் தெரிவதைப் பார்த்து, "நிழல்ல வளர்ற பெரிய இலை ஹோஸ்டாச் செடி நாலு வைங்கம்மா, ஒரே மாசத்துல அடைச்சுக்கும். போட்டோவுல ஜோரா இருக்கும்" என்றார். வீட்டை விற்க நான் இன்னும் தலையாட்டவே இல்லை, அதற்குள் போட்டோ! அடுத்த வாரமே, அரிசோனாவில் உட்கார்ந்துகொண்டு அவர் பேச்சைக் கேட்டு நீ ஆர்டர் போட்ட நான்கு பெரிய ஹோஸ்டாத் தொட்டிகள் வாசலில் வந்து இறங்கின.

அவற்றை நான் நடவில்லை. கோபம் வந்தால் கோபித்துக்கொள். பக்கத்து வீட்டு ஹென்னியின் காரில் ஏற்றி, தேவாலயச் செடி விற்பனைக்கு நான்கையும் கொடுத்துவிட்டேன்.

அங்கேயே எனக்குச் சின்ன ஹோஸ்டாவாகப் பார்த்து எடுத்தேன். அந்த மரத்தின் வேர்கள் உனக்குத் தெரியும். பெரிய செடிக்குக் குழி பறித்தால் பாதி வேரை வெட்ட வேண்டும். சின்னதற்கு இரண்டு வேருக்கு நடுவே ஒரு கைப்பிடி மண் போதும். அதிலும் ஏமாந்துபோக இடமுண்டு. பெரிய ரகத்தின் குட்டியும் தொட்டியில் சின்னதாகத்தான் நிற்கும். ஹென்னி அப்படி ஆசைப்பட்டு வாங்கி நட்டது இப்போது அவள் தபால் பெட்டியையே மறைக்கிறது. அதனால் நான் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லித்தான் வாங்கினேன். தடித்த இலை, நத்தை சீக்கிரம் கடிக்காது. பக்கவாட்டில் ஊர்ந்து மண்ணை மூடும் ரகம்.

ஹென்னி ரொட்டிக் கத்தியால் தூர்களைப் பிரித்துக் கொடுக்க, நான் முக்காலியில் உட்கார்ந்து நட்டேன். "ஏன்டி லொரீன், இது மூடறதுக்கு மூணு வருஷம் ஆகுமேடி, அதுவரைக்கும் நீ இருப்பியா?" என்று கேட்டாள். "இருப்பேன்டி. நீயும் இருந்து தொலை, களை யாரு புடுங்குறது?" என்றேன். காபி சிந்தச் சிந்தச் சிரித்தாள்.

இதுதான் உனக்கும் என் பதில். அந்த மூன்று வருடமும் நான் இங்கேதான் இருப்பேன். உன் வீட்டில் எனக்காக ஒதுக்கிய அறை நல்ல அறைதான். ஆனால் இந்தச் செடி உன் ஊர் வெயிலில் நிற்காது. குளிரில் உறங்கி எழுந்தால்தான் துளிர்க்கும். நானும் எழுபத்திரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டேன், மிச்சத்தையும் பார்த்துக்கொள்கிறேன்.

போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து, ஹென்னி ஜன்னல் வழியே பார்க்கும்வரை வெளியே கிடந்தேன். அது உன்னைத் தூங்கவிடவில்லை என்று தெரியும். எனக்கும் பயமாகத்தான் இருந்தது, மகளே. பயந்துபோனேன் என்பதற்காக வீட்டை விட்டுவிட மாட்டேன். இப்போது தினமும் காலையில் திரையைத் திறந்து ஹென்னிக்குக் கை காட்டுகிறேன். அவளும் காட்டுகிறாள்.

வீடு விற்பனைக்கு இல்லை என்று தரகரிடம் நானே சொல்லி அனுப்பிவிட்டேன். உன்னிடம் சொல்ல அவருக்குத் தயக்கமாம்.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டாரையும் காப்பாராக. வீட்டை விற்க என்று வருவதாக இருந்தால் வராதே. என்னைப் பார்க்க வா.

உன் அம்மா,
லொரீன்