ஏசி ரூமில் அடித்த வெயில்

என்னங்க,

நெஞ்சு படபடக்கிறது என்று நான் சொன்னபோதெல்லாம், "உனக்கு விட்டமின் டி கம்மி, வேற ஒண்ணுமில்ல" என்று என் வாயை அடைத்தீர்கள். நாள் முழுக்கத் தையல் மிஷினும் டியூப் லைட்டுமாக இருக்கிறவளுக்குக் குறையத்தான் செய்யும். மாத்திரையை ஒழுங்காகப் போட்டேன். கால் வலி போய்விட்டது. படபடப்பு மட்டும் போகவில்லை. சாயங்காலம் நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது சரியாக வந்துவிடுகிறது.

போன வாரம் எனக்குத் துணையாக நீங்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களே, அந்த முடிவுகளை நேற்று வாங்கினேன். எனக்கு இப்போது எல்லாம் சரியான அளவு. உங்களுடைய விட்டமின் டி அளவைப் பார்த்து டாக்டரம்மா சிரித்தார்.

"மாத்திரையே போடாம இவ்வளவா? வெயில்ல அலையிற வேலையா அவருக்கு?"

"இல்லீங்க, ஏசி ரூம்ல கணக்குப் பாக்குறாரு" என்றேன். சொல்லும்போதே உங்கள் கழுத்துதான் கண் முன்னால் வந்தது. காலருக்கு மேலே கருத்துப்போன கழுத்து. புழுதி படிந்த செருப்பு. ஆபீசுக்குப் போன் பண்ணாதே என்று திடீரென்று நீங்கள் போட்ட உத்தரவு.

நான் எதையும் தோண்டித் துருவப் போவதில்லை. என் மிஷின் ஓடுகிறவரை இந்த வீட்டில் அடுப்பு எரியும், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

இதை உங்கள் சாப்பாட்டு டப்பாவின் மேல் வைக்கிறேன். பையில் குடையும் இருக்கிறது. எந்த மரத்தடியில் உட்கார்ந்து படித்தீர்கள் என்று சாயங்காலம் வந்து சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மாத்திரை தீர்ந்துபோன உங்கள் மனைவி