சக்கரச் சப்பாத்து

நேற்று மதியம் நம் மகள் என்னைப் பிரிக்பீல்ட்சில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு பர்கர் கடைக்கு இழுத்துப் போனாள். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, சிவப்பு ரெக்சின் இருக்கை, மூலையில் காசு போட்டால் பாடும் பெட்டி. “இது ரெட்ரோ கடைப்பா, அந்தக் காலத்து ஸ்டைல்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூறுகளில் சுபாங் ஜெயாவில் நீ வேலை செய்த கடையையும் அந்தக் காலத்து ஸ்டைல் என்று சொல்லித்தான் திறந்தார்கள். எந்தக் காலம் என்று அப்போதும் யாரும் சொல்லவில்லை. ஆனால் சூடான தகட்டில் வெங்காயம் கருகும் வாசனை வந்ததும் என் சிரிப்பு நின்றுவிட்டது. வேலை முடிந்து நீ வீட்டுக்குள் நுழையும்போது உன் தலைமுடியில் இருந்த வாசனை அது.

ஒரு வருடம் அங்கே சமையல்கட்டில் தட்டுக் கழுவினாய். மாட்டிறைச்சி பட்ட தட்டுகள் என்பதால், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் சாமி விளக்கைத் தொடுவாய். கிள்ளான் துறைமுகத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு உன் வேலையைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. யார் கண்ணிலும் படாத வேலை அல்லவா! ஒருநாள் ஒரு ஜோடி சக்கரச் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். அந்தக் கடையில் பரிமாறும் பெண்கள் அதைக் காலில் மாட்டிக்கொண்டுதான் மேசைக்கு மேசை ஓடுவார்கள். ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டால் உன்னையும் முன்னால் விடுவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். எப்படியும் உன்னால் முடியாது என்று நினைத்திருப்பார்.

“முப்பத்தேழு வயசுல இது தேவையா லா? சம்பளமாவது கூடுதா?” என்றேன்.

“கூடல.”

“பிறகு எதுக்கு?”

“சுவத்தைப் பார்த்து நின்னு நின்னு அலுத்துப் போச்சுங்க. நானும் நாலு மனுஷங்களைப் பார்க்கணும். அவங்களும் என்னைப் பார்க்கட்டும்.”

நம் ஃப்ளாட் நடைபாதையில், துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு பழகினாய். பிள்ளைகள் கூடி நின்று சிரித்தார்கள். தரை மேடு பள்ளமாக இருக்கிறது என்று நீ ஒருமுறை முனகியபோது, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நானும் என் பங்குக்குக் குத்தினேன். ஆறாம் நாள், நாலு கிளாஸ் நிறையத் தண்ணீர் வைத்த தட்டோடு அந்தக் கோடியிலிருந்து உருண்டு வந்து, என் மூக்குக்கு நேரே நீட்டி, “குடிங்க” என்றாய்.

நீ முன்னால் பரிமாற ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருக்கும். என் அக்கா வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். “உன் பொண்டாட்டி கவுன் மாட்டிக்கிட்டு, கண்டவனுக்கெல்லாம் மாட்டுக்கறி தூக்கிட்டு ஓடுறாடா. சொந்தக்காரங்க பார்த்தா என்ன பேசுவாங்க?” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உன்னைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று அன்றே லோரியைச் சுபாங்குக்கு விட்டேன். ‘இனி இந்தக் கடைப் படியை மிதிக்கக் கூடாது.’ வழியெல்லாம் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடைக்குள் போய் ஒரு மேசையில் உட்கார்ந்தேன். நீ உருண்டு வந்தாய். முழங்கால் வரை ரோஸ் கலர் கவுன், அதற்குக் கீழே நீளக் கறுப்புக் காலுறை, நெற்றியில் பொட்டு, காலருக்குள் தாலி. என்னைக் கண்டு நீ திடுக்கிடக்கூட இல்லை.

“என்ன சாப்பிடறீங்க?”

சுற்றிலும் ஆட்கள். சமாளிக்க, மெனு அட்டையில் முதலில் இருந்த படத்தைக் காட்டினேன்.

“அது மாடு” என்றாய், குனிந்து, மெதுவாக.

அடுத்ததைக் காட்டினேன்.

“கோழி. இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க. உருளைக்கிழங்கு மட்டும் எழுதிக்கிறேன்.”

குடும்ப மானத்தைக் காப்பாற்ற வந்தவனுக்குக் கிழமை மறந்துவிட்டது. காலில் சக்கரத்தோடு நின்றவளுக்கு மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கைத் தின்றேன்.

பக்கத்து மேசைக்கு நாலு மில்க் ஷேக் கொண்டுபோகும்போது ஒரு குழந்தை குறுக்கே ஓடியது. அதன்மேல் மோதாமல் திரும்பியதில் நீ விழுந்தாய். கிளாஸ்கள் சிதறின. எவனோ கை தட்டினான். நான் எழுந்துவிட்டேன். இதுதான் சமயம், தூக்கிக்கொண்டு போய்விடலாம், ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. நீ தரையில் இருந்தபடியே என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாய், வேண்டாம் என்று. உட்கார்ந்தேன். நாற்காலியைப் பிடித்து, ஒரு காலை ஊன்றி, பிறகு மறு காலை ஊன்றி நீயே எழுந்தாய்.

மேனேஜர் ஓடி வந்தார். “போதும் ஆன்டி. கழட்டிட்டு கிச்சனுக்குப் போங்க.”

“அந்த மேசைக்கு நாலு மில்க் ஷேக் பாக்கி இருக்கு, பாஸ்” என்றாய்.

நாலும் வந்தன. ஒரு சொட்டு சிந்தவில்லை.

சாயந்திரம் லோரியில் ஏறியபோது உன் முழங்கால் வீங்கியிருந்தது. நான் ஒத்திகை பார்த்து வந்த பேச்செல்லாம் எங்கோ போய்விட்டது.

“நான் விழுந்ததை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. முக்கியமா உங்க அக்காகிட்ட.”

“சொல்ல மாட்டேன். நாளைக்கு எத்தனை மணிக்கு வேலை?”

“ரெண்டு.”

“ஒரு மணிக்கு ரெடியா இரு. போற வழியில விட்டுடறேன்.”

துறைமுகம் ஒரு திசை, சுபாங் ஒரு திசை. உனக்கும் அது தெரியும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு ஆறு வருடம் நீ முன்னால்தான் நின்றாய்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். நீ விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை. அதனாலேயே நீ எழுந்ததையும் சொல்லவில்லை. உன்னிடம்கூடச் சொல்லவில்லையே, அதுதான் என் நெஞ்சை அறுக்கிறது. அன்று எனக்கு வெட்கமாக இல்லை. பெருமையாக இருந்தது. ‘இவ என் பொண்டாட்டி’ என்று பக்கத்து மேசைக்காரனிடம் சொல்ல வாய் துடித்தது. லோரியில் அருகில் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்ல என்ன தடை? வெறும் வீம்பு. நீ கண்ணை மூடும்வரை அதை நான் விடவில்லை.

நேற்று மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பர்கர் ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டேன். எண்பதைத் தாண்டிவிட்டாள், காது மந்தம். “அவ போயே மூனு வருஷமாச்சு, இப்ப எதுக்குடா இந்தக் கதை?” என்றாள். வாக்கை மீறுகிறேன், மன்னித்துக்கொள். இனி கேட்கிறவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன்.

“நீ கேட்டுத்தான் ஆகணும்க்கா” என்று கத்தினேன். “கடை நடுவுல, அத்தனை பேர் முன்னால அவ விழுந்தா. பிறகு எந்திரிச்சா. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”