கொழுப்பு: ஒரு திருத்தம்

அன்புள்ள ஊசிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். என் இதயத்தைச் சுற்றிக் கொழுப்பு அளவுக்கு மேல் படிந்திருக்கிறது. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்றில் அறுபது சதவீதம் அடைப்பு. செவ்வாய்க்கிழமை எடுத்த ஸ்கேன் அறிக்கை இப்படிச் சொல்கிறது. இதய டாக்டர் படத்தைப் பார்த்து நேற்று உறுதி செய்தார். பயப்படாதே. நேற்றும் பத்திரிகை ஆபீஸ் போய் இரண்டு செய்தி எழுதினேன்.

ஐம்பத்தாறு கிலோ ஆளுக்குக் கொழுப்பா என்று நீ சிரிப்பாய். எனக்கும் அதே சந்தேகம்தான். ஸ்கேன் சென்டருக்கே போய், ஆள் மாறிவிட்டது, திருத்தம் கொடுங்கள் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் என் பிறந்த தேதியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள். பிறகு, சார், கொழுப்பு உங்களோடதுதான், இங்க வேற யாருக்கும் அவ்வளவு கிடையாது என்றாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். உன் அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷமா நான் இதைத்தானே சொல்றேன், படம் எடுத்துக் காட்டினாத்தான் நம்புவீங்களா என்று கேட்டாள்.

டாக்டரை முக்கால் மணி நேரம் குடைந்தேன். நோட்டில் உள்ளதைத் தருகிறேன். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு வேறு, இது வேறு. இது இதயத்தின் மேலேயே, ரத்தக்குழாய்களை ஒட்டிக்கொண்டு கிடக்கும். நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. அளவு கூடினால் அதில் சுரக்கும் பொருள்கள் குழாயின் சுவரைப் புண்ணாக்கலாம். இது அதிகம் உள்ளவர்களிடம் குழாய் நோயும் அதிகம் காணப்படுகிறது. அப்படியானால் இதுதான் காரணம் என்று எழுதலாமா என்றேன். தொடர்பு உண்டுன்னு எழுதுங்க, காரணம்னு எழுதாதீங்க, ஆராய்ச்சி இன்னும் முடியலை என்றார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. ஒல்லியான ஆளுக்கும் இது இருக்கலாம், எடை மெஷினுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. கம்பி, ஊசி என்று நமக்குப் பட்டப்பெயர் வைத்து, ஒல்லியாக இருப்பதையே நம் வீட்டில் ஆரோக்கியச் சான்றிதழாக வைத்திருந்தோம். அப்பாவும் ஒல்லிதான். ஐம்பத்திரண்டு வயதில், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போனார். உனக்கு இப்போது ஐம்பது.

உன் வீட்டுக்காரர் போன வாரம் எனக்கு போன் செய்தார். நூலகத்தில் புத்தகக் கட்டோடு மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்றுவிடுகிறாயாம். கேட்டால், வயசாகுது, வேற என்ன என்கிறாயாம். இது மாப்பிள்ளை சொன்னது. உன்னிடம் சரிபார்க்க முடியவில்லை. பதினொரு மாதமாக நீ என் போனை எடுப்பதில்லை.

எடுக்காதது நியாயம்தான். என் செய்தியில் வருஷம் தப்பு என்று எங்கள் ஆசிரியருக்கு எழுதினாய். வருஷம் தப்புதான். மறுநாள் நாலாம் பக்கத்தில் திருத்தம் போட்டார்கள். அந்தக் கோபத்தில், மாப்பிள்ளையும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க, உனக்கு உடம்பெல்லாம் கொழுப்பு என்றேன். இப்போது திருத்தம்: அந்தக் கொழுப்பு என்னுடையது. ஆள் மாற்றிச் சொல்லிவிட்டேன். வருந்துகிறேன்.

உனக்கும் உள்ளே இருக்கிறதா, தெரியாது. கண்ணாடி அதைச் சொல்லாது. மூச்சு வாங்குவதையும் அப்பா போன விதத்தையும் ஒரு டாக்டரிடம் சொல். எந்தச் சோதனை வேண்டும் என்று அவர் முடிவு செய்யட்டும். அதுவரை புத்தகக் கட்டைத் தூக்காதே.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். மாத்திரை தொடங்கியாகிவிட்டது. சிகரெட் நேற்றோடு முடிந்தது. உன் அண்ணி சட்டைப் பையைச் சோதித்துத்தான் வெளியே விடுகிறாள். சரியாகிவிடும் என்றுதான் டாக்டரும் சொல்கிறார்.

இரண்டு தகவல் இன்னும் வரவில்லை. ஆஞ்சியோ அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. ஸ்டென்ட் வைக்க வேண்டுமா என்பது மதியத்துக்குள் தெரியும். இன்னொன்று, நீ டாக்டரிடம் போகும் தேதி. இந்தக் கடிதத்திலும் ஒரு தப்பாவது இருக்கும். கண்டுபிடித்து, ஆசிரியருக்கு எழுதாமல் எனக்கே போன் பண்ணிச் சொல். புதன்கிழமை சாயங்காலம் வரை போன் என் கையிலேயே இருக்கும். நீ நீண்ட காலம் நன்றாக இருந்து என் தப்புகளையெல்லாம் பிடிக்க வேண்டும்.

உன்,
கம்பி அண்ணன்